சுபாஷின் மூக்கு

இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட்டு செய்கிற ஒரு கம்பெனியில் மோந்து பார்ப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் இன்றைக்கும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். நம்பித்தான் ஆக வேண்டும். புதுக் காரின் கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வருமே, அது தானாக அமைவதில்லை. சீட்டுத் துணி, பஞ்சு, பிளாஸ்டிக், பசை என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடி ஜாடிக்குள் போட்டு மூடிச் சூடேற்றுவார்கள். பிறகு மூடியைக் கொஞ்சம் நகர்த்தி, மூக்கை வைத்து இழுத்து, மார்க் போடுவார்கள். ஒன்று என்றால் வாசனையே இல்லை. மூன்று வரை பொறுத்துக்கொள்ளலாம். நாலு வந்தால் சரக்கு ரிஜெக்ட். ஆறு என்றால் மனிதன் பக்கத்தில் நிற்க முடியாத வாடை. இப்படி மூக்கை வைத்துச் சம்பாதிக்கிறவர்கள் அந்த லேபில் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அவர்களில் முதல் மூக்கு சுபாஷுடையது.

அம்சவல்லியை அவனுக்குக் கட்டிவைத்தபோது, மாப்பிள்ளைக்கு மூக்கிலே வேலை என்று அவள் அம்மா மணிமங்கலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே வரிசையில் நின்றார்கள். கடை நெய் கலப்படமா என்று தெரிந்துகொள்ள ஒருத்தி டப்பாவோடு வந்தாள். குடியை விட்டுவிட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்த தம்பியை இழுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். சுபாஷ் அந்தத் தம்பியின் உள்ளங்கையை மட்டும் மோந்துவிட்டு, நேற்று குடித்தது இன்ன சரக்கு, தொட்டுக்கொண்டது ஊறுகாய் என்று சொன்னான். ஆள் அங்கேயே காலில் விழுந்தான். அன்றிலிருந்து சுபாஷ் மூக்கு சொன்னால் சொன்னதுதான். கோர்ட்டுத் தீர்ப்புக்காவது அப்பீல் உண்டு.

லேப் ஆட்களுக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. பவுடர் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது, சோற்றோடு பச்சை வெங்காயம் கூடாது, சிகரெட்டைத் தொடவே கூடாது. கம்பெனி இவற்றை அவனுக்குத்தான் விதித்தது. அவன் அப்படியே மூட்டை கட்டி வீட்டுக்கும் கொண்டுவந்து பெண்டாட்டி தலையில் இறக்கினான். தாலிக் கயிற்றின் மஞ்சள் மங்குவதற்குள் அம்சவல்லி தலையில் பூ வைப்பது நின்றது. மல்லிகை வாசனை அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டு ஜாடி வரைக்கும் வந்துவிடுமாம். தெரு வாடை உள்ளே வரும் என்று ஜன்னலும் சாத்தியே கிடந்தது. புதுப்பெண் வெறுந்தலையோடு நிற்பதைப் பார்த்து அவள் அம்மா முகம் சுளித்தாள். மாப்பிள்ளையின் உத்தியோகம் அப்படி என்று தெரிந்ததும் அதையும் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அம்சவல்லி ஒரகடத்தில் செல்போன் சார்ஜர் செய்கிற கம்பெனியில் லைனில் நின்றாள். வேனில் போய் வேனில் வருவாள். வேலை முடிந்து வந்ததும் சுபாஷ் அவளை வாசற்படியிலேயே நிறுத்திக் கழுத்தடியை மோந்து மார்க் சொல்வான். ஆரம்பத்தில் அது வெறும் கொஞ்சல். "ரெண்டு," என்று சொல்லிவிட்டு மூக்கால் கன்னத்தில் இடிப்பான். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. நாள் முழுக்க சால்டரிங் புகையில் நின்றுவிட்டு வருகிறவளை ஒருவன் ஆசையாக மோந்து பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

போன வைகாசியில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. சளியும் இருமலுமாகக் கிடந்து எழுந்தான். எழுந்தபோது கொஞ்சல் போய் விசாரணை வந்திருந்தது.

"யார் பக்கத்துல நின்ன?" என்று கேட்பான். லைன் சூப்பர்வைசர் என்றால் ஏன் நின்றாய் என்பான். யாருமில்லை என்றால் என் மூக்குக்கே பொய்யா என்பான். மூன்று என்று சொன்ன அன்று அறைந்தான். நாலு என்று சொன்ன அன்று முடியைப் பிடித்து பாத்ரூமுக்கு இழுத்துப்போய்ப் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்தான். அவள் கழுத்தையும் தோளையும் அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தான். தண்ணீர் கலக்காத பினாயிலை அதன் மேல் ஊற்றினான். அவள் அலறக் கூடாது என்பதற்காக அவளுடைய துப்பட்டாவையே வாயில் திணித்திருந்தான். தோல் வழன்று, ரத்தமும் வெள்ளை நுரையும் சேர்ந்து தரையில் ஓடியது. எல்லாம் முடிந்ததும் குனிந்து மறுபடி மோந்துவிட்டு, இப்போது பரவாயில்லை என்றான், பாவி.

அம்மாவிடம் போய்த் தோளைத் திறந்து காட்டினாள். அம்மா அழுதாள், மஞ்சள் பூசினாள், சோறு போட்டாள். எல்லாம் செய்துவிட்டு மெதுவாக ஒன்றைச் சொன்னாள். "அவரு மூக்கு பொய் சொல்லாதுடி. நீ எங்கனா எவன் மேலயாச்சும் ஒரசிகினு வந்திருப்ப. நெனச்சிப் பாரு." கம்பி நார் எரிந்ததைவிட அந்த வார்த்தைதான் அவளுக்கு அதிகம் எரிந்தது. அதைவிடக் கொடுமை, அவள் நிஜமாகவே நினைத்துப் பார்த்தாள். வேனில் ஏறும்போது யார் கை பட்டது, கேன்டீன் வரிசையில் பின்னால் நின்றது யார் என்று படுக்கும்போதெல்லாம் யோசித்தாள். தன் கையைத் தானே மோந்து பார்த்தாள். ஊரே நம்புகிற ஒரு மூக்குக்கு முன்னால் தன் நினைவு என்ன பெரிது என்று தோன்றிவிட்டது.

ஆடி மாதம் வேன் டிரைவர் இளம்பரிதியின் முறை வந்தது. கல்யாணமாகாதவன், யாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவன் வண்டிக்குள் எலுமிச்சை வாசனை டப்பா ஒன்று தொங்கும். அந்த வேனில் வருகிற பெண்கள் எல்லோர் மேலும் எலுமிச்சை வீசும் என்பது குழந்தைக்கும் தெரியும். சுபாஷுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. கூட் ரோட்டில் வேன் நின்று பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது வந்தான். இளம்பரிதியைக் காலரைப் பிடித்து இறக்கி, அவன் கையை மூக்கருகே கொண்டுபோய், இதே வாடைதான் என் பெண்டாட்டி கழுத்தில் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். அதே கையை வேன் கதவின் இடுக்கில் வைத்துக் கதவை இழுத்து அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் எதிர் டீக்கடை வரைக்கும் கேட்டது. இளம்பரிதி மண்டியிட்டு விழுந்த பிறகும் விடாமல் கதவைத் திறந்து மறுபடி அடித்தான், மறுபடியும் அடித்தான். விரல்கள் தோலில் தொங்கின.

சுற்றி அத்தனை பேர் இருந்தும் யாரும் தடுக்கவில்லை. மூக்கு சுபாஷ் சொன்னால் சொன்னதுதானே. ஒருவன் தடுக்கிறதை விட்டுவிட்டுக் கீழே கிடந்தவனை ஒரு உதையும் விட்டான். எல்லோருடைய கண்ணும் அம்சவல்லி மேல்தான் இருந்தது. இளம்பரிதிக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. வேன் முதலாளி வேலையை விட்டு அனுப்பினார். ஸ்டேஷனில் சமாதானம் பேசி எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவன் வேலூர்ப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். அம்சவல்லிக்கு வேறு வேன் ஏற்பாடானது. அதில் பக்கத்தில் உட்கார ஆள் வரவில்லை.

அன்று வீட்டில் சுபாஷ் சத்தமே போடாமல் அவளிடம் சொன்னான். "அஞ்சு வரைக்கும் அடியோட உடறேன். ஆறு வந்துச்சின்னா நீ உயிரோட இருக்க மாட்ட. பாத்து நடந்துக்க." அவன் மிரட்டுகிற ஆள் இல்லை, செய்கிற ஆள் என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் படியேறும்போது அந்த எண்ணைப் பற்றித்தான் நினைப்பு. இறங்கியதும் தெருக் குழாயில் கழுத்தைக் கழுவினாள், கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டாள். என்ன செய்தாலும் நாலு, ஐந்து என்றுதான் வந்தது. அவனோ சிகரெட் பிடிக்க ஆரம்பித்திருந்தான். தொடவே கூடாத சிகரெட்டை எப்படித் தொடுகிறான் என்று கேட்க நினைத்தாள். கேட்கிற துணிச்சல் அவளுக்கு அப்போது இல்லை.

அடித்து முடித்த பிறகு அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தலைமுடி கலைந்து உதடு கிழிந்த கோலத்தில் அவளை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போடுவான். அவர்கள் குடியிருந்த மூன்று மாடி வாடகைக் கட்டிடத்தில் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க அவள் படிக்கட்டோரம் நிற்க வேண்டும். உள்ளே அவன் குளிப்பான், நிதானமாக ஒரு சிகரெட் பிடிப்பான், பிறகு கதவைத் திறந்து மிச்சத்தை ஆரம்பிப்பான்.

பங்குனியில் ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து வந்தவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். கரண்ட் இல்லை. வெயில் இன்னும் தாழவில்லை. துணியை மடித்துக்கொண்டு இறங்கி வந்து கதவைத் திறந்ததுமே கேஸ் வாடை முகத்தில் அடித்தது. பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்திருந்தது. அடுப்பு மட்டும் சத்தமில்லாமல் கேஸை விட்டுக்கொண்டே இருந்தது. ஜன்னல்தான் எப்போதும் சாத்தியிருக்குமே, கேஸ் போவதற்கு வழியில்லை. துணியை எறிந்துவிட்டு அடுப்பை நோக்கி ஓடினாள். பாதி தூரத்தில் பின்னாலிருந்து முடியைப் பிடித்தது ஒரு கை.

சுபாஷ் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்திருந்தான். "மாடியில எவன் கூட இருந்த?" என்று கேட்டுக்கொண்டே கதவைக் காலால் சாத்தினான்.

"கேஸு..." என்றாள். அதற்கு மேல் சொல்லவிடாமல் வாயிலேயே குத்தினான். உதடு பல்லில் சிக்கிக் கிழிந்தது.

"வாயத் தொறக்காத. நான் மோந்துகினு கீறேன்."

தலையைச் சாய்த்துப் பிடித்து அவள் கழுத்தில் மூக்கை வைத்து நீளமாக இழுத்தான். வேறெந்த வாடையும் எட்ட முடியாத அளவுக்கு அறை முழுக்க கேஸ் நாற்றம். அவன் அதற்குள் நின்றுகொண்டு, கண்ணை மூடி, ஜாடியை மோந்து பார்க்கிற அதே பக்தியோடு மோந்து பார்த்தான். பிறகு கண்ணைத் திறந்தான்.

"எலுமிச்ச வாடை. அந்த வெரலு போனவன் திரும்பி வந்திருக்கான். அவனத்தான் பாத்துட்டு வந்திருக்க. ஆறு."

அம்சவல்லிக்கு வலி நின்றுவிட்டது. இவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. குடல் புரட்டுகிற இந்த நாற்றம் தெரியவில்லை. வேலூரில் இருக்கிறவன் இவனுக்கு மணக்கிறான், காலடியில் இருக்கிற எமன் மணக்கவில்லை. அப்படியென்றால் நாலும் பொய், ஐந்தும் பொய், தோலை உரித்தது பொய்க்காக, இரண்டு விரல் போனது பொய்க்காக. இந்த மூக்கை நம்பித் தன்னைத் தானே மோந்து பார்த்துக்கொண்டு கிடந்தேனே என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து வராத கோபம்.

அவன் வயிற்றில் உதைத்தான். கீழே விழுந்தவளை இழுத்து நிறுத்தி இன்னும் இரண்டு வைத்தான். கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். அவள் கண் செருகும் நேரத்தில் விட்டான். "வெளிய நில்லு. குளிச்சிட்டு ஒரு சிகரெட்டு பிடிச்சிட்டு வரேன். இன்னிக்கோட ஒன் கத முடிஞ்சிது," என்று வாசலுக்கு வெளியே தள்ளினான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பாத்ரூம் கதவு சாத்துகிற சத்தமும் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டன.

சொல்ல நேரம் இருந்தது. கதவைத் தட்டி, அடுப்பை நிறுத்து, பற்றவைக்காதே என்று கத்தினால் போதும். அவள் வாயில் ரத்தத்தை விழுங்கிக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தாள். சொன்னால் அவன் பிழைப்பான். பிழைத்து, குளித்து முடித்து, கதவைத் திறந்து அவளைக் கொல்வான். அவள் திரும்பிப் பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த கொம்பையா திறந்தார். கேஸ் வாடை வருகிறது, கீழே இறங்குங்கள் என்று அவள் சொன்னதும் அவரும் மோந்து பார்த்துப் பதறிப்போனார். மனைவியை எழுப்பிக்கொண்டு வந்தார். அம்சவல்லி ஒரு மாடி இறங்கி, நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒடிசாக்காரர்களின் கதவைக் கையால் குத்தி எழுப்பினாள். அவர்கள் லுங்கியோடு ஓடினார்கள். தரைத்தளத்தில் குடியிருந்த சந்திரம்மாளின் மாமனார் படுத்த படுக்கை. அவரைக் கட்டிலோடு தூக்க ஆள் பிடித்துக் கொடுத்தாள். எல்லாக் கதவும் திறந்து எல்லோரும் தெருவுக்கு வரும்வரை அவள் நிற்கவில்லை.

கடைசியாகக் கட்டிலைத் தெருவில் இறக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கொம்பையாவுக்கு நினைவு வந்தது. "ஏ தாயி, ஒன் வீட்டுக்காரரு உள்ளயில்லா இருக்காரு? நான் போயிக் கூப்புடட்டா?" என்று படியைப் பார்த்து நகர்ந்தார்.

"அவருக்குத் தெரியாத வாசனையாண்ணே?" என்றாள் அம்சவல்லி.

கொம்பையா நின்றார். அதுவும் சரிதானே என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார். மூக்கு சுபாஷுக்குப் போய்க் கேஸ் வாடையைச் சொல்லித் தருவதா? சந்திரம்மாளும் அதையேதான் சொன்னாள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே மேல்மாடியில் அவள் வீட்டு ஜன்னல் கம்பியோடு பிய்த்துக்கொண்டு தெருவுக்கு வந்து விழுந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் உறைத்தது. சுவரில் பாதி சரிந்தது. செங்கல் மழைக்கு நடுவே உள்ளேயிருந்து மனிதக் குரல் ஒன்று ஊளையிட்டது. பிறகு அதுவும் நின்றது. அம்சவல்லி காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

எரிந்துபோன உடம்பில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வார்த்தை பேசாமல் அங்கேயே முடிந்துவிட்டான். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் வரட்டும் என்று எல்லோரும் பிணவறை வராந்தாவில் காத்திருந்தார்கள். அதற்குள் ஊர் கதையைக் கட்டி முடித்துவிட்டது. அந்த மூக்குக்குக் கேஸ் தெரியாமல் இருக்குமா, தெரிந்தேதான் பற்றவைத்திருக்கிறான், தற்கொலைதான். அத்தோடு விட்டார்களா? சாகிற நேரத்திலும் பெண்டாட்டியை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் செத்தானே, அவ்வளவு ஆசை என்று அவள் காதுபடவே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் அம்மாவும் துடைத்துக்கொண்டாள். அம்சவல்லிக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பினால் ரத்தம்தான் வரும் என்று முழுங்கிக்கொண்டாள்.

சுபாஷின் அண்ணன் நடேசன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி சாகிற ஆள் இல்லை, இவள்தான் ஏதோ செய்திருக்கிறாள் என்று இன்ஸ்பெக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததை எல்லோரும் சொன்னார்கள். அதனால் இன்ஸ்பெக்டர் அவனை அப்புறம் பார்ப்போம் என்று உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். அவசரப்படாத மனிதர் அவர்.

கம்பெனி சார்பில் மாலையோடு ஷெர்லின் வந்தாள். லேபுக்குப் பொறுப்பு அவள்தான். அம்சவல்லியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். மாலையின் நாரைத் திருகிக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினாள்.

"உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல. காய்ச்சலுக்கு அப்புறம் சுபாஷுக்கு வாசனையே போயிடுச்சு. மாசா மாசம் எங்க மூக்குக்கே டெஸ்ட் வைப்போம். ஒரு பாட்டிலக்கூட அவரால சொல்ல முடியல. ஸ்டோர்ஸுக்கு மாத்திட்டோம். வெளிய யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கையப் புடிச்சிட்டு அழுதாரு. பாவம்னு நானும் சொல்லாம விட்டேன்."

அம்சவல்லி அவள் முகத்தைப் பார்க்காமல் ஒன்றுதான் கேட்டாள். "ஆடிக்கு முன்னாடியா மேடம்?"

"முன்னாடியே."

சொல்லிவிட்டு ஷெர்லினுக்கே உறைத்தது. கூட் ரோட்டில் நடந்தது கம்பெனி முழுக்கப் பேசப்பட்ட விஷயம்தான். அன்று அவளும் கேட்டாள், மூக்கே இல்லாதவன் எதை மோந்தான் என்று யோசிக்காமல் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். இப்போது அம்சவல்லியின் கிழிந்த உதட்டைப் பார்த்தாள். ரவிக்கைக் கழுத்துக்கு மேலே தோல் வழன்று ஆறிய தழும்புகளைப் பார்த்தாள். கழுத்தில் ஐந்து விரலும் பதிந்து கன்றியிருந்ததையும் பார்த்தாள்.

"உள்ள கேஸ் இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அவருக்குத் தெரியாதுன்னு?"

"அன்னிக்குத்தான் தெரிஞ்சிகினேன். சொல்லத்தான் வாயத் தொறந்தேன் மேடம். வாயிலயே குத்தினாரு. அப்பால நான் சொல்லல."

ஷெர்லின் பதில் சொல்வதற்குள் இன்ஸ்பெக்டர் அவர்கள் பக்கம் வந்தார். பின்னாலேயே நடேசன். இன்ஸ்பெக்டர் முதலில் அம்சவல்லியைப் பார்த்தார், பிறகு ஷெர்லினிடம் திரும்பினார். இந்த ஆள் சில மாதமாக ஸ்டோர்ஸில் வேலை பார்த்ததாக கேட் செக்யூரிட்டி சொல்கிறானே, மூக்குக்கு ஏதும் கோளாறா, வாசனை தெரியுமா தெரியாதா என்று கேட்டார். தெரியாது என்றால் வழக்கு வேறு மாதிரிப் போகும் என்றும் சொன்னார். கட்டிடம் முழுக்க எழுப்பத் தெரிந்தவள் புருஷனை மட்டும் ஏன் எழுப்பவில்லை என்ற கேள்வி வரும்.

அம்சவல்லி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் உயிர் மறுபடி அடுத்தவர் வாயில் வரப்போகிற ஒரு சொல்லில் இருந்தது.

ஷெர்லின் எழுந்து நின்றாள். "எங்க லேப்லயே அந்த மூக்குதான் சார் பெஸ்ட்டு. ஸ்டோர்ஸ்ல ஆள் பத்தலன்னு கொஞ்ச நாளைக்குக் கேட்டு வாங்கினாங்க, அவ்வளவுதான்."

நடேசன் ஏதோ சொல்ல வந்தான். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டுச் சரியென்று தலையாட்டினார். அந்த மூக்கைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார்.